நோய் வேறு, கதாபாத்திரம் வேறு

கதையில் மனநோய் உள்ள ஒருவர் வந்தால், எழுதுகிற நண்பர்கள் சிலர் எனக்குக் கைப்பிரதி அனுப்புவார்கள். "மருத்துவ விஷயம் சரியா இருக்கா, பாருங்க டாக்டர்" என்பார்கள். மாத்திரையின் பெயர், அளவு எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பாத்திரப் படைப்புதான் இடறும். மற்ற எல்லோருக்கும் வேலை, கடன், ஆசை, பழைய கோபம் என்று என்னென்னவோ இருக்க, அந்த ஒருவருக்கு மட்டும் நோயைத் தவிர வேறெதுவும் இருக்காது.

வழக்கமாக வருகிறவர் கத்தி எடுப்பவர், இல்லையென்றால் உலகம் அறியாத குழந்தை. இன்னும் சில கதைகளில் மனச்சிதைவு நோய் வந்தவருக்குள் இரண்டு ஆட்கள் குடியிருப்பார்கள். அந்த நோய் அப்படிப்பட்டதே அல்ல.

ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளில் பாத்திரங்களைத் தட்டையானவர்கள், முழுமையானவர்கள் என்று பிரித்தார். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடிந்தால் தட்டை. நம்பும்படியாக நம்மை வியக்க வைத்தால் முழுமை. தட்டையாக இருப்பதை அவர் குறையாகச் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் வந்து டீ கொடுத்துவிட்டுப் போகலாம், சரி. ஆனால் கதையே யாரைச் சுற்றி நடக்கிறதோ அவரைத் தட்டையாக்கிவிட்டு, நோயைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

"பைத்தியம் பிடித்தவள் போலச் சிரித்தாள்" என்பது ஆசிரியர் தரும் தீர்ப்பு. வாசகருக்கு அங்கே பார்க்க எதுவுமில்லை. நோயுள்ள சிலருக்கு மின்விசிறிச் சத்தத்தோடு சேர்ந்துதான், யாரும் பேசாதபோதும் குரல் கேட்கும். அதனால் வேர்த்துக் கொட்டினாலும் ஃபேன் போடாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி இருப்பவர், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்காக எழுந்துபோய் ஃபேனைப் போடுகிறார் என்று எழுதிப் பாருங்கள். மருந்தால் சிலருக்குக் கை நடுங்கும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்க மறுக்கிறவரைச் சொந்தக்காரர்கள் சோம்பேறி என்பார்கள். நடுக்கத்தைச் சொல்வதைவிட அந்தப் பேரே மேல் என்று அவர் சும்மா இருப்பார். அங்கே தெரிவது அவருடைய ரோஷம். நோய் பின்னால் போய்விடுகிறது.

ஒருவருடைய சந்தேகம்கூட அவர் வாழ்க்கையிலிருந்துதான் உருவெடுக்கும். கணக்கு எழுதுகிறவர் பேரேட்டைத் திருத்திவிட்டார்கள் என்பார். பூ விற்கிற அம்மா பக்கத்துக் கடைக்காரி மருந்து வைத்துவிட்டாள் என்பார். இந்த இருவருக்கும் ஒரே வசனம் எழுதினால் எப்படி?

இதில் இவ்வளவு அக்கறை எனக்கு ஏன் என்றால், கதைகளும் படங்களும் தந்த பயத்தோடுதான் பல குடும்பங்கள் என் முன்னால் வந்து உட்காருகின்றன. "கரண்ட் வைப்பீங்களா?" என்று கேட்கும்போதே சிலருக்குக் குரல் உடைந்துவிடும். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அந்த மின் அதிர்வுச் சிகிச்சையைச் செய்யக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். சங்கிலியால் கட்டுவதையும் அது தடை செய்கிறது. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் இறந்தவர்கள் உட்பட 28 பேரை இழந்தோம். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடி வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

எழுத உட்காரும் முன், நோய் வருவதற்கு முன்னால் இவர் யாரோடு சண்டை போட்டார், எதற்குச் சிரித்தார், என்ன வேலை செய்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரை விவரத்தை என்னிடம் கேளுங்கள். மற்றதைச் சிகிச்சை எடுத்துக்கொண்டே வேலைக்குப் போய் வருகிறவர்களிடம் கேளுங்கள்; சொல்ல விருப்பமுள்ளவர்கள் நிறையவே சொல்வார்கள்.