மலையிலிருந்து கடலுக்குத் தூண்டிலோடு இறங்குகிறவர்களுக்கு

கொடைக்கானல், பெருமாள்மலை, பூம்பாறை, மன்னவனூர் பக்கத்திலிருந்து கடல் தூண்டிலுக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "என்ன மீன் கிடைக்கும்?" என்றுதான். அடுத்த பேச்சிலேயே ஒரு தேதியையும் சொல்லிவிடுவார்கள். மே மாத சீசன் முடிந்து விடுதிகளிலும் கடைகளிலும் கூட்டம் குறைந்த ஜூன், ஜூலை. இல்லையென்றால் டிசம்பரில் அரையாண்டு விடுமுறை. மலையில் பிழைப்பவர்களுக்கு வேறு நேரம் ஒழிவதில்லை என்பது புரிகிறது. ஆனால் அந்த இரண்டுமே காற்றுக் காலம். தேதியை மாற்ற முடியாதென்றால், எந்தக் கடலில் இறங்குவது என்பதையாவது காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வழிகாட்டியோடு போகும் கரையோரப் பயணங்களில் நாங்கள் பார்க்கும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு முடிவு தவறுவதில்தான் தொடங்குகிறது.

மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு, மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ஒடுங்கிய நிலம், வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்பார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும். நிலம் காற்றை மறைப்பதால் வடகடலின் கரையோரம் படிந்து கிடக்கும். வாடைக் காற்று தொடங்கியதும் இது அப்படியே தலைகீழாகிவிடும். மண்டபம் மீனவர்களே பருவத்துக்குப் பருவம் படகை ஒரு கடலிலிருந்து மறுகடலுக்கு மாற்றுகிறார்கள். ஆகவே ஜூலையில் வருபவருக்கு வடகடல், டிசம்பர் கடைசியில் வருபவருக்குத் தென்கடல். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு வாரம் ஒதுக்க முடிந்தால் அதுவே புதியவர்களுக்கு நல்ல காலம்.

வடகடலின் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஆழமில்லை. ஆழம் குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்று ஏரியைப் பார்த்துப் பழகிய கண் நினைத்துக்கொள்ளும். ஆழமில்லாத நீரில் காற்று எழுப்பும் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். ஃபைபர் படகு அதில் ஏறி இறங்காது, அடிவாங்கும். உட்கார்ந்திருப்பவரின் இடுப்பும் முதுகும் அந்த அடியைத் தாங்கும்.

வானிலை மையம் மீனவர்களுக்கு எச்சரிக்கை விடுவது பெரும்பாலும் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டரைத் தொடும் என்கிறபோது. பாம்பனில் புயல் கூண்டு ஏறவில்லை, எச்சரிக்கையும் இல்லை, அதனால் போகலாம் என்று யாராவது சொன்னால் அது பழகிய மீனவருக்கான கணக்கு. முதன்முறை வருபவர்களை ஏற்றிய படகுக்கு 15 கிலோமீட்டர் வரை நல்ல காற்று. 20க்கு மேல் போனால் கழிமுகத்துக்கோ அலையாத்திக் காட்டு ஓடைக்கோ இடத்தை மாற்ற வேண்டும். 25 என்றால் கரையிலேயே இருக்க வேண்டும். காலையில் அமைதியாக இருக்கும் கடல் பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழும்பியதும் முகம் மாறும். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி பத்துக்குள் கரை திரும்பும் பயணம்தான் முதல் தடவைக்குச் சரி. முழுநாள் பயணம் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டப்படி எங்கே தூண்டில் போடலாம் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற நீரும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர். அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. "தீவுப் பார் (கடலடிப் பாறைத் திட்டு) பக்கம் கலவா மீன் நிறைய" என்று ஆசை காட்டும் வழிகாட்டியை விட்டு விலகுங்கள். கரையை ஒட்டிய கடல் பட்டை 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி விசைப்படகுகளுக்கு விலக்கப்பட்டது. நாட்டுப்படகு மீனவர்களின் பகுதி. நம் கரையோரத் தூண்டில் முழுவதும் அவர்களுடைய அந்தப் பட்டைக்குள்தான் நடக்கிறது. வலை மிதப்பு தெரிந்தால் ஐம்பது மீட்டராவது தள்ளி வீச வேண்டும். மும்முனைத் தூண்டில் முள் ஒன்று வலையில் சிக்கினால், அதை விடுவிப்பதற்குள் ஒரு குடும்பத்தின் வலை கிழிந்துவிடும்.

படகு பேசும்போது மீன்பிடிப் பதிவை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பயணிகளை ஏற்ற அனுமதி உண்டா என்று தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு. ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். தமிழ்நாடு கடலோரப் போலீஸ் எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை எண் 1554. இரண்டையும் கரையிலேயே போனில் சேமித்து, போனை நீர் புகாத உறையில் போடுங்கள்.

வெயிலும் வாந்தியும்

மலை உயரத்தில், குளிரில் வாழும் உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் வேண்டும். நீங்களோ முந்தின நாள் மதியம் டம்டம் பாறை வளைவுகளில் இறங்கி, மறுநாள் விடியலில் படகில் நிற்கிறீர்கள். வளைவுகளில் வாந்தி வராமல் இருக்க ஒரு மாத்திரை, படகுக்கு முன் இன்னொரு மாத்திரை என்று பலர் போட்டுக்கொள்கிறார்கள். இந்த வகை மாத்திரைகளில் சில தூக்கத்தைத் தருவதோடு வியர்வையையும் குறைக்கும். வியர்க்காத உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாது. எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

படகில் ஒருவர் வாந்தி எடுத்தால் எல்லோரும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி ஓரமாகப் படுக்க வைத்துவிடுவார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. கிளம்பிய அரை மணிக்குள் தொடங்கி, அடிவானத்தைப் பார்த்தால் கொஞ்சம் தணியும் குமட்டல் கடலால் வருவது. எட்டரை ஒன்பது மணிக்கு மேல் தலைவலியோடும் கெண்டைக்கால் பிடிப்போடும் வரும் வாந்தி பெரும்பாலும் வெயிலால் வருவது. காலையிலிருந்து சிறுநீர் கழித்தாரா என்று கேளுங்கள். கழிக்கவில்லை என்றால் தொப்பியை நனைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே கரைக்குத் திரும்ப வேண்டும். பேச்சு குழறினாலோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது உயிருக்கு ஆபத்து. கரைக்கு வரும்போதே 108 வண்டி தயாராக நிற்க வேண்டும்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டரில் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. காலையில் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, பூரியும் கூடாது. முழுக்கை மெல்லிய சட்டை. ஸ்வெட்டரும் கம்பூட்டும் அறையிலேயே இருக்கட்டும். தண்ணீர் புகுந்த பூட்டோடு காலை அசைப்பது கடினம்.

மலையிலிருந்து வருபவர்களில் நீச்சல் தெரியாதவர்கள் நிறையப் பேர். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டு, கைகளை மேலே தூக்கச் சொல்லி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அது காது வரை ஏறினால் தண்ணீரில் தலைக்கு மேலே போய்விடும். பக்க வாரை இறுக்குங்கள், இல்லையென்றால் சிறிய அளவை வாங்குங்கள். சூடாக இருக்கிறது என்று கழற்றி உட்காரும் இடத்தில் விரிப்பவர்களை வழிகாட்டி கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். தடுக்காதவரோடு அடுத்த முறை போகாதீர்கள்.

ஏரிக்கை, கடற்கை

ஏரிக்கரையில் மாவு உருண்டை கட்டி, தக்கை அமுங்குவதைப் பார்த்துச் சுண்டி இழுத்துக் கெண்டை பிடித்தவர்களின் கை கடலில் இரண்டு இடத்தில் ஏமாறும்.

ஒன்று, அந்தச் சுண்டல். கழிமுகத்தில் உயிருள்ள இறாலோ மடவைக் குஞ்சோ போட்டுக் கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் காத்திருக்கும்போது நாங்கள் வளைமுள் கட்டுகிறோம்; நுனி உள்நோக்கித் திரும்பிய சர்க்கிள் வகை, 2/0 முதல் 4/0 வரை. மீன் இரையை எடுத்துத் திரும்பும்போது அதுவாகவே வாயோரத்தில் குத்திக்கொள்ளும். சுண்டினால் முள் வெற்றாக வெளியே வந்துவிடும். கம்பைத் தாழ்த்திப் பிடித்து, தூண்டில் நரம்பு இறுகியதும் நிதானமாக ரீலைச் சுற்றினால் போதும். சொன்னதும் எல்லோருக்கும் புரிகிறது. முதல் கடியில் கை தானாகச் சுண்டிவிடுகிறது. அதனால் புதியவர்களுக்கு முதல் அரை மணி நேரம் கம்பைக் கையில் கொடுக்காமல் தாங்கியில் வைப்பது நல்லது.

மற்றது, பக்கவாட்டு வீச்சு. மரக்கிளைக்கு அடியில் வீசுவதற்கு அது நல்ல கலை. படகில் அதே வீச்சு பக்கத்தில் இருப்பவரின் முகத்தில் போய் நிற்கும். நான்கு பேர் இருந்தாலும் ஒரு நேரத்தில் இருவர்தான் வீச வேண்டும். ஒருவர் அணியத்தில், ஒருவர் பின்பக்கத்தில். தலைக்கு மேலே மட்டும் வீச்சு, ஒவ்வொரு முறையும் பின்னால் திரும்பிப் பார்த்து. மற்ற இருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், எல்லோரும் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுவது எங்கள் வழக்கம். மீன் சில தப்பும்; விரலில் ஏறிய முள் ஆஸ்பத்திரி போகாமல் வந்துவிடும்.

சாமான் விஷயத்தில் ஏரிக் கம்பை இழுத்து வராதீர்கள். ஏழு அடி நடுத்தரக் கம்பு, 4000 அளவு ரீல், 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), முன்னால் ஒரு மீட்டர் 30 பவுண்டு தங்கூசி நரம்பு. பல் கூரான ஊளி மீன் அடிக்கும் இடமென்றால் முள்ளுக்கு முன் ஒரு சாண் கம்பி. டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ரீலிலிருந்து நரம்பு வழுகும் இறுக்கத்தை, உத்தேசமாக வைக்கக் கூடாது. கம்பைப் பிடித்துக்கொண்டு நரம்பைக் கையடக்கத் தராசில் கட்டி இழுத்துப் பாருங்கள். இரண்டு முதல் இரண்டரை கிலோவில் நரம்பு வழுகி ஓட வேண்டும். பாறை என்ற மீன் தன் முதல் ஓட்டத்தை நேராகப் பாருக்குள் ஓடும்; பதறி டிராக்கை முறுக்கியவரின் நரம்பு அங்கேதான் அறுகிறது. முடிச்சுகளை எல்லாம் முந்தின இரவு அறையில் போட்டு வையுங்கள். ஆடும் படகில் குனிந்து முடிச்சுப் போட்டால் குமட்டல் நிச்சயம்.

மீன் எப்போது கடிக்கும் என்றால், நீவாடு (கடல் நீரோட்டம்) ஓடும்போது. இங்கே ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) ஒரு மீட்டர்கூட ஏறுவதில்லை. ஆனால் கழிமுக வாயில் அதுவே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் கூடும், அஷ்டமிப் பக்கம் மந்தம்.

பிடித்த மீனைக் கழற்றும்போது கெளிறுதான் (கடல் கெளுத்தி) பெரிய எதிரி. முதுகில் ஒன்று, இரு பக்கத் துடுப்புகளில் ஒவ்வொன்று என்று மூன்று முள்; மூன்றும் விஷம். ஓரா மீனின் முதுகு முள்ளும் அப்படியே. கையால் தொடாமல் குறட்டால் தூண்டில் முள்ளைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினால் மீன் தானே விழும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய வெந்நீரில், ஏறத்தாழ 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைக்க வேண்டும். விஷத்தைச் சூடு சிதைக்கும். குத்தாத கையால் சூட்டைச் சோதித்துக்கொள்ளுங்கள், வலிக்கும் கைக்குச் சூடு தெரியாது. இதற்காக ஒரு பிளாஸ்க் வெந்நீர் படகில் இருக்கட்டும். பேத்தை மீனை (பஃபர் மீன்) எவ்வளவு சுத்தம் செய்தாலும் தின்னக் கூடாது. கடல்குதிரை, கடல் அட்டை, ஆமை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. தூண்டிலில் ஆமை சிக்கினால் நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டி விடுங்கள்.

விடப்போகும் மீனைக் கைநனைத்துப் பிடித்து அரை நிமிடத்துக்குள் தண்ணீரில் விட வேண்டும். முப்பது டிகிரியைத் தொடும் கடல்நீரில் மலை ஏரியைவிட உயிர்க்காற்று குறைவு. களைத்த மீன் மீள நேரம் பிடிக்கும்.

வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் படகிலேயே ரத்தம் வடித்து, குடல் நீக்கி, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பொடித்த ஐஸ் போடுங்கள்: அடியில் ஐஸ், மீன், மேலே ஐஸ். உருகிய நீர் வெளியேற தெர்மகோல் பெட்டியின் அடியில் ஓட்டை வேண்டும். மதுரையில் நிறுத்தி ஐஸைப் புதுப்பியுங்கள். சீலாவும் (வஞ்சிரம்) சூரையும் சூட்டில் கிடந்தால் அதில் உருவாகும் ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து தடிப்பு எழும்.

ரீலை மண்டபத்திலேயே கழுவுங்கள். டிராக்கை முழுவதும் இறுக்கி, மெல்லிய தூவல் நீரில் இரண்டு நிமிடம்; வேகமான குழாயும் வேண்டாம், வாளியில் முக்கவும் வேண்டாம், இரண்டுமே உப்பை உள்ளே தள்ளும். ரீலில் நரம்பு தொட்டு ஓடும் சிறிய உருளையைக் கழற்றிப் பாருங்கள்: அதற்கு அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்புதான் அடுத்த மாதம் உருளையைச் சுழலவிடாமல் நிறுத்தி நரம்பை அறுக்கும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டிராக்கைத் தளர்த்தி, நிழலில் காற்றாட வையுங்கள். காயாமல் வண்டியில் ஏற்றினால், கொடைக்கானல் மூட்டத்தில் ஒரு வாரமானாலும் காயாது. உப்பும் ஈரமும் சேர்ந்து, கடலோரத்தில் இருப்பவரின் ரீலைவிட உங்களுடையது சீக்கிரம் துருப்பிடிக்கும். கடலில் நனைந்த லூர்களை (செயற்கை இரைகளை) தனி டப்பாவில் போடுங்கள், கழுவிக் காயும் வரை பழைய பெட்டியில் சேர்க்க வேண்டாம்.