நாற்பதிலும் கால்பந்து ஆடணுமா? வேகமாக ஓடுவதை விடாதீர்கள்

பெங்களூரின் கௌதம்புரா, ஆஸ்டின் டவுன் பக்கமிருந்து என்னிடம் ஃபிசியோவுக்கு வருகிறவர்களில் நம் தமிழ் ஆட்கள் நிறைய. வயது நாற்பதை ஒட்டி இருக்கும், ஞாயிறு காலை டர்ஃபில் பந்தைத் துரத்தியபோது தொடையின் பின்பக்கம் "பட்டுன்னு பிடிச்சுக்கிச்சு சார்" என்று நொண்டிக்கொண்டே வருவார்கள். இந்தியக் கால்பந்து வீரர் சேத்ரியால் முடிகிறதே, நமக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. 1984-இல் பிறந்த சுனில் சேத்ரி, 2024 ஜூனில் இந்திய அணியிலிருந்து விடைபெற்று, 2025 மார்ச்சில் திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராக கோலும் அடித்தார். அவருடைய சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அது முக்கியம்தான், ஆனால் அதை மட்டும் பின்பற்றினால் தசை கிழியாமல் இருக்காது.

வயது ஏறும்போது முதலில் குறைவது வெடித்துக் கிளம்பும் வேகம். மூச்சுத்திறன் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். பெரிய ஆட்டக்காரர்கள் இதற்கேற்ப இடத்தை மாற்றிக்கொள்கிறார்கள். இடது பின்காவலில் ஆடிய இத்தாலியின் மால்டினி நடுக்காவலுக்கு நகர்ந்து 2009 வரை ஆடினார், ஓரத்தில் பறந்த மான்செஸ்டர் யுனைடெட்டின் கிக்ஸ் நடுக்களத்துக்கு வந்து, யோகாவும் செய்து, 2014-இல் நாற்பது வயதில்தான் ஓய்வு பெற்றார். ரொனால்டோவும் ஓரத்தை விட்டு கோல் பக்கம் நகர்ந்தவர்தான்.

ஆனால் களத்தில் ஓட்டத்தைச் சிக்கனமாக வைத்துக்கொள்ளும் தொழில்முறை ஆட்டக்காரர்கள்கூட, பயிற்சியில் முழு வேக ஓட்டத்தை விடுவதில்லை. நாம் தலைகீழாகச் செய்கிறோம்: வாரம் முழுக்க நாற்காலியும் சில்க் போர்டு டிராஃபிக்கும், ஞாயிறன்று உடம்பைச் சூடேற்றாமல் ஒரே பாய்ச்சல். பழக்கமில்லாத வேகத்தைத் தொடையின் பின்தசை எப்படித் தாங்கும்?

அதனால் வாரநடுவில் ஒருநாள் நன்றாக வார்ம்-அப் செய்துவிட்டு, வேகத்தைப் படிப்படியாக ஏற்றிச் சில குறும் ஓட்டங்கள் ஓடுங்கள். அப்புறம் அந்தப் பின்தசைக்கு வலுவேற்றும் நோர்டிக் பயிற்சி: முழங்காலிட்டு, பின்னாலிருந்து ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய வேண்டும். ஆரம்பத்தில் நாலைந்து முறை போதும், மறுநாள் தொடை வலிக்கும், பயப்பட வேண்டாம்.

ஏற்கெனவே கிழிந்த தசை மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். நடக்கும்போது வலியில்லை என்பதை வைத்து மேட்சுக்கு இறங்காதீர்கள், தனியாக முழு வேகத்தில் வலியோ பயமோ இல்லாமல் ஓட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியவில்லையென்றால் அந்த ஞாயிறு வெளியில் உட்கார்ந்து பாருங்கள்.