டிஸ்கஸ் மீனுக்கு எத்தனை வேளை தீவனம் போடலாம்?

வீட்டுத் தொட்டிகளில் மீன்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பார்ப்பது என் வேலை. டிஸ்கஸ் என்ற வட்ட வடிவ அலங்கார மீனை வளர்ப்பவர்கள் கூப்பிட்டால் முதலில் ஹீட்டரைக் குறை சொல்வார்கள், அப்புறம் ஃபில்டரை, அப்புறம் மீன் விற்ற கடைக்காரரை. தீவனத்தைச் சந்தேகப்படுபவர்கள் அபூர்வம். நேரில் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் பிரச்சினை தீவனத்தில்தான் தொடங்கியிருக்கும்.

இதில் நேரெதிரான இரண்டு தப்புகள் நடக்கின்றன. நன்றாக வளர்ந்து முடிந்த மீனுக்கு அள்ளி அள்ளிப் போடுகிறார்கள். வளர வேண்டிய குஞ்சுக்குக் காலையும் மாலையும் ஒரு சிட்டிகை போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். முன்னது தண்ணீரைக் கெடுக்கிறது, பின்னது மீனையே கெடுக்கிறது.

குஞ்சு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பிறகு சரிசெய்ய முடியாதது. இரண்டு இஞ்ச் அளவுள்ள குஞ்சுகளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாகத் தர வேண்டும். மூன்று நான்கு இஞ்ச் வந்ததும் நாலு வேளை. அதற்கு மேல் மூன்று வேளை. ஒன்றரை வயது தாண்டி, ஐந்து ஆறு இஞ்ச் வந்த மீனுக்கு இரண்டு வேளை தாராளம், வாரத்தில் ஒரு நாள் ஒன்றுமே போடாவிட்டாலும் கவலை இல்லை. முதல் சில மாதங்களில் குஞ்சுக்கு வேண்டிய தீனி கிடைக்காவிட்டால் அது குள்ளமாகவே நின்றுவிடும். அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. வளர்ச்சி நின்ற டிஸ்கஸின் உடல் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். உடல் வளராவிட்டாலும் கண் வளர்ந்துகொண்டே போவதால், முகத்தில் கண் மட்டும் துருத்திக்கொண்டு பெரிதாகத் தெரியும். மீன் உங்களை நோக்கி நேராக வரும்போது நெற்றியைப் பாருங்கள். கண்ணுக்கு மேலே சதை பிடித்து உருண்டிருந்தால் நல்ல மீன். கத்தி முனை மாதிரி ஒடுங்கியிருந்தால் அது நாள்பட்ட பட்டினி, அல்லது குடலில் ஒட்டுண்ணி. பட்டினியால் ஒடுங்கிய நெற்றி நல்ல தீனியில் ஓரளவு தேறும். ஆனால் குள்ளமாகிப் போன மீனுக்கு பிறகு எவ்வளவு போட்டாலும் அந்த வட்டம் திரும்பி வராது.

அப்படியானால் எல்லோரும் ஆறு வேளை போட வேண்டியதுதானே? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சென்னை கொளத்தூரில் மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அங்கே வாங்கப் போகும்போது "எத்தனை வேளை சாப்பாடு போடுறீங்க?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்துறீங்க?" என்று கேட்பவர்கள் குறைவு. டிஸ்கஸ் குஞ்சுகளை ஒழுங்காக வளர்ப்பவர்கள் தினமும் பாதித் தண்ணீரையோ அதற்கு மேலோ மாற்றுகிறார்கள். அந்தத் தண்ணீர்தான் அந்த ஆறு வேளையைத் தாங்குகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஆறு வேளையை மட்டும் எடுத்துக்கொண்டு, தண்ணீரை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கிறார். மூன்றாவது வாரம் மீன் கறுத்துப்போய் மூலையில் நிற்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி. மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்து அதில் 200 லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆறு பெரிய மீன்கள். ஒரு நாளைக்கு 45 சதவீதப் புரதம் உள்ள குருணைத் தீவனம் 5 கிராம் போடுகிறீர்கள். 5 கிராமில் புரதம் 2.25 கிராம். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன், அதாவது 0.36 கிராம். அதில் பாதியாவது மீனின் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே வந்துவிடும். 200 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு சுமார் 1 மில்லிகிராம் வருகிறது. ஃபில்டர் நன்றாக ஓடினால் இது நைட்ரைட்டாகி, அப்புறம் நைட்ரேட்டாகிவிடும். ஆனால் நைட்ரேட் எங்கும் போகாது, தொட்டியிலேயே சேரும். ஆக்சிஜன் சேர்ந்து எடை கூடுவதால் அந்த 1 மில்லிகிராம் நைட்ரேட்டாகும்போது சுமார் 4 ஆகிவிடும். ஒரு நாளைக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்றால் ஏழு நாளில் 28. டிஸ்கஸ் தொட்டியில் நைட்ரேட் 20க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். ஆக, அளவாகப் போடுகிற பெரிய மீன் தொட்டிக்கே வாரம் ஒரு தடவை தண்ணீர் மாற்றுவது போதவில்லை. மிச்சம் மீதியாகக் கீழே கிடந்து அழுகுவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஃபில்டர் சரியில்லாத தொட்டியில் நிலைமை இன்னும் மோசம். 30 டிகிரி சூட்டில் தண்ணீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 7 என்றால், இருக்கிற அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் அதுவே ஏழு பங்குக்கு மேல் போய்விடும். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் நான் அளந்து பார்க்கும்போது 7.5க்கு மேல் காட்டுவது சாதாரணம். டிஸ்கஸுக்கு வேண்டிய சூடோ 28 முதல் 30 டிகிரி. எனவே தங்கமீன் தொட்டியில் தாங்கிக்கொள்ளும் தப்பை இந்தத் தொட்டி தாங்காது.

அதனால் என்னிடம் "எத்தனை வேளை?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, தண்ணீர் மாற்ற உங்களால் எத்தனை நாளைக்கு ஒரு தடவை முடியும் என்பதைத்தான். தினமும் முடியும் என்றால் குஞ்சு வாங்குங்கள், ஐந்து வேளை போடுங்கள். வாரம் இரண்டு மூன்று தடவைதான் என்றால் நாலரை, ஐந்து இஞ்ச் மீனாக வாங்கி இரண்டு வேளை போடுங்கள். விலை கூடத்தான் ஆகும். ஆனால் ஆறு குஞ்சு வாங்கி நாலைச் சாகவிடுவதைவிட அது மேல். வாரம் ஒரு தடவைதான், அதுவும் சந்தேகம் என்றால் டிஸ்கஸ் வேண்டாம், வேறு நல்ல மீன்கள் நிறைய இருக்கின்றன. மெட்ரோ தண்ணீர் மாற்றுபவர்கள் குளோரின் போக்காமல் ஊற்றிவிடாதீர்கள்.

"சார், கையைக் காட்டினாலே ஓடி வருது, பார்க்கப் பாவமா இருக்கு" என்று சொல்வார்கள். ஓடி வரத்தான் செய்யும். கை தெரிந்தால் தீனி வரும் என்று அது பழகிவிட்டது. சாப்பிட்டுப் பத்து நிமிடம் ஆன மீனும் அப்படித்தான் வரும். வயிறு லேசாகப் புடைத்ததும் நிறுத்துங்கள். குருணை என்றால் மூன்று நாலு நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். டிஸ்கஸ் பரபரவென்று சாப்பிடும் மீன் இல்லை. கீழே விழுந்ததை ஊதிப் புரட்டிப் பொறுக்கும். அதற்குக் கால் மணி நேரம் கொடுங்கள். அதற்கு மேல் கிடப்பதைச் சைஃபன் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். குஞ்சு வளர்க்கும் தொட்டியில் மணல் போட வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

கூட்டத்தில் ஒரு மீன் ரவுடியாக இருக்கும், ஒன்று ஒதுங்கி நிற்கும். தொட்டியின் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் போட்டால் ஒதுங்கி நிற்பதற்கும் கிடைக்கும். விளக்கு போட்ட உடனேயும், அணைப்பதற்கு முன் அரை மணி நேரத்திலும் போடாதீர்கள்.

இனி எதைப் போடுவது என்பது. அமேசான் ஆற்றுப் படுகைதான் இதன் சொந்த ஊர். நம் ஏரிகளில் இருக்கும் ஜிலேபி மீனின் குடும்பம்தான் இதுவும். வெள்ளம் ஏறி இறங்கும் கரைகளில், தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரக்கிளைகளுக்கு இடையே வாழ்கிறது. இதன் வாய் சிறியது, குடல் நீளமானது. கிளைகளில் படிந்த பாசி, மட்கிய இலைத்துகள், அதில் ஒட்டியிருக்கும் சிறு பூச்சி புழுக்கள் இவற்றைத்தான் நாள் முழுக்கக் கொறிக்கும். வெறும் மாமிசத் தீனி மட்டும் போட்டு வளர்ப்பது இதன் உடம்புக்கு ஏற்றதில்லை என்பது இதிலிருந்தே தெரியும். நல்ல கம்பெனிக் குருணைதான் அன்றாடச் சாப்பாடாக இருக்க வேண்டும், அதில் ஸ்பைருலினா என்ற பாசி கலந்த ஒன்றும் இருக்கட்டும். மற்றதெல்லாம் இடையிடையே. பெரிய டப்பா மலிவு என்று வாங்காதீர்கள். திறந்த தீவனத்தில் வைட்டமின் சி சீக்கிரம் போய்விடும், நம் ஊர் ஈரக்காற்றில் கொழுப்பும் சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். இரண்டு மாதத்தில் தீருகிற அளவு வாங்கி, இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பீஃப் ஹார்ட், அதாவது மாட்டு இதய இறைச்சி பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. மீன் சீக்கிரம் பெரிதாகும் என்பது உண்மை. அதனால்தான் வளர்ப்புப் பண்ணைகளில் விரும்புகிறார்கள். ஆனால் மாட்டுக் கொழுப்பு மீனுக்குச் சரியாகச் செரிக்காது, எனவே வெள்ளையாகத் தெரிகிற கொழுப்பு, நரம்பு, சவ்வு எல்லாவற்றையும் கத்தியால் சுத்தமாகச் சீவிவிட வேண்டும். இதில்தான் பொறுமை தேவை, பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். சீவிய இறைச்சியோடு உரித்த இறால், வேகவைத்துப் பிழிந்த கீரை, கொஞ்சம் ஸ்பைருலினா பொடி சேர்த்து மிக்ஸியில் அரைத்து, ஜெலட்டின் கலந்து, ஜிப் கவரில் தோசை கனத்துக்குத் தட்டி ஃப்ரீசரில் வைத்தால் வேண்டியதை மட்டும் ஒடித்துப் போடலாம். ஜெலட்டின் இல்லாமல் போட்டால் தண்ணீரில் கரைந்து மொத்தத் தொட்டியும் கலங்கிவிடும். இதைப் போடும் நாளில் தண்ணீரும் மாற்றியாக வேண்டும். பெரிய மீனுக்கு வாரம் இரண்டு தடவைக்கு மேல் தேவையில்லை. வீட்டில் மாட்டிறைச்சி கூடாது என்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். முள் நீக்கிய மீன் சதையும் இறாலும் கீரையும் வைத்து இதே மாதிரி செய்யலாம். நான் பார்த்த அழகான டிஸ்கஸ் தொட்டிகளில் சில சைவக் குடும்பங்களில், வெறும் குருணையும் உறையவைத்த ரத்தப்புழுவும் மட்டும் கொடுத்து வளர்த்தவை.

உயிருள்ள ட்யூபிஃபெக்ஸ் புழுவை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சொல்வேன். டிஸ்கஸ் அதைப் பார்த்தால் பாய்ந்து தின்னும், அதனால் கடையிலும் தைரியமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் அது சாக்கடைச் சேற்றில் விளைவது. குழாய்த் தண்ணீரில் இரண்டு நாள் அலசி வைத்தாலும் அதன் வயிற்றுக்குள் இருப்பது முழுசாகப் போகாது. கிருமி, ஒட்டுண்ணி, சேற்றில் சேர்ந்த உலோகக் கழிவு எல்லாம் அப்படியே மீனுக்குப் போகிறது. உறையவைத்த ரத்தப்புழு பரவாயில்லை. அதைத் தொட்டால் சிலருக்குக் கை அரிக்கும், தும்மல் வரும். கண்ணைத் தொடும் முன் கை கழுவிக்கொள்ளுங்கள். ரத்தப்புழுவில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதை மட்டுமே நம்பிக் குஞ்சு வளர்க்க முடியாது.

சாப்பிடாத மீனைப் பற்றிக் கொஞ்சம். புதிதாக வாங்கி வந்த மீன் முதல் நாள் சாப்பிடாது, போடவும் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் மெதுவாக ஆரம்பிக்கும். பழைய மீன் திடீரென்று நிறுத்தினால் தீவனத்தை மாற்றிப் பார்க்காதீர்கள். முதலில் அம்மோனியா, நைட்ரைட், சூடு மூன்றையும் அளவிடுங்கள். அப்புறம் கழிவைப் பாருங்கள். கறுப்பாக, பழுப்பாக, அல்லது ரத்தப்புழு தின்றிருந்தால் சிவப்பாக வந்தால் குடல் வேலை செய்கிறது. பசை மாதிரி வெள்ளையாக நூல் நூலாகத் தொங்கினால், தீனியை வாயில் எடுத்துத் துப்பினால், குடலில் ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு நாள் பட்டினி கிடந்த மீனுக்கும் கழிவு வெள்ளையாக வரலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பூண்டு போட்டால் சரியாகும் என்பது நம்பிக்கை மட்டும்தான். அதே மாதிரி, வீட்டில் வயிற்றுப்போக்குக்கு வாங்கி வைத்த மாத்திரையைப் பொடித்துத் தொட்டியில் கொட்டுவதும் வேண்டாம். அளவு தெரியாமல் கொட்டினால் நோயும் போகாது, மருந்தும் பிறகு வேலை செய்யாது. மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கரண்ட் போயிருக்கும்போது தீனி போடவே கூடாது. 30 டிகிரி தண்ணீரில் அதிகபட்சம் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். ஏரேட்டரும் ஃபில்டரும் நின்றபின் அது வேகமாகக் குறையும், சாப்பிட்ட மீனுக்கோ வழக்கத்தைவிட ஆக்சிஜன் அதிகம் வேண்டும். பல மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தாலும் அன்றைக்கு ஒரு வேளையை விட்டுவிடுங்கள். ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா பாதிக்கப்பட்டிருக்கலாம்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய்விட்டு வந்தவர்களிடமிருந்து எனக்கு அழைப்புகள் கூடுதலாக வரும். மீன் பட்டினியில் சாகவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பாசத்தில் போட்டதில்தான் செத்திருக்கும். உடம்பு நன்றாக இருக்கும் பெரிய டிஸ்கஸ் ஐந்தாறு நாள் ஒன்றும் இல்லாமல் தாங்கும். கிளம்பும் முன் பாதித் தண்ணீர் மாற்றிவிட்டு, போடாமலே போங்கள். குஞ்சுகள் இருந்தால் அப்படி விட முடியாது. ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிப் பொட்டலம் கட்டி, மேலே கிழமை எழுதிவைத்து, டப்பாவைப் பூட்டிவிட்டுப் போங்கள். பார்த்துக்கொள்பவரிடம் ஃபில்டர் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வந்த அன்று விட்டுப்போன வேளைகளைச் சேர்த்துப் போட வேண்டாம். முதலில் தண்ணீரை மாற்றிவிட்டு, மறுநாள் காலையில் வழக்கத்தில் பாதி போட்டு ஆரம்பியுங்கள்.