ஒழுகும் இடம் ஒன்றுதான்

அக்காவின் வீடு இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. மகள் உயர்தரம் படிக்கிறாள் என்று, பாவித்த மேசைக் கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஜூன் மழை பிடித்த சில நாளில் அவளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, கம்ப்யூட்டர் சும்மா சும்மா நீலமாகி நின்னுருது. ஒரு நாள் டைப் பண்ணும்போது, ஒரு நாள் வீடியோ பார்க்கும்போது. நேத்து ஒண்ணுமே செய்யல, அப்பவும் நின்னுருச்சு."

கடைக்குக் கொண்டுபோனார்களாம். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். நான்கே நாளில் பழையபடி ஆகிவிட்டது.

ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நிற்பதுதான் அவளைக் குழப்பியது. எனக்கு அதுவே துப்பாக இருந்தது. மென்பொருளில் கோளாறு என்றால் பெரும்பாலும் அதே வேலையைச் செய்யும்போது அதே இடத்தில் நிற்கும். எந்த வேலையிலும் எந்த நேரத்திலும் நின்றால், முதல் சந்தேகம் ரேம் மீது, அதாவது ஓடும் நிரல்களைக் கணினி தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்தின் மீது, விழ வேண்டும். (ரேம் போதாமல் கணினி மந்தமாவது வேறு விஷயம். நான் சொல்வது ரேம் பழுதாவதை.)

தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கூரைத் தகரத்தில் ஆணி ஓட்டை ஒன்றுதான் இருக்கும். இன்றைக்கு அதன் கீழே பாய் கிடந்தால் பாய் நனையும், நாளைக்கு அரிசி மூட்டை இருந்தால் அரிசி நனையும். ஒன்றும் இல்லாத அன்று தரை நனைந்து தானாகக் காய்ந்துவிடும், யாருக்கும் தெரியாது. ரேமிலும் அப்படித்தான். பழுதான இடம் அசைவதில்லை. ஆனால் விண்டோஸ் ஒவ்வொரு நிரலையும் காலியாகக் கிடக்கும் இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அந்த இடத்தில் இன்று பிரவுசர் உட்காரும், நாளை விண்டோஸின் சொந்தப் பகுதியே உட்காரும்.

கணினி எதையும் 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால்தான் எழுதுகிறது. அப்படி ஓர் இலக்கம்தான் ஒரு பிட். ரேமில் ஒரு பிட்டுக்கு, சுவிட்ச் போல ஒரு டிரான்சிஸ்டரும் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்க ஒரு மின்தேக்கியும் இருக்கின்றன. இந்த அமைப்புக்கு ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்றார். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அந்த மின்னூட்டம் என்பது சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள் மட்டுமே, அதுவும் சதா கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை எல்லா பிட்டுகளையும் வாசித்துத் திரும்ப நிரப்புகிறார்கள். ஓட்டைக் குடத்தை வற்றுவதற்குள் தண்ணீர்ப் பீலிக்குக் கொண்டுபோய் நிரப்புவதைப் போல. 8 ஜிபி ரேமில் இப்படி 6,800 கோடிக்கும் அதிகமான குடங்கள். அதில் ஒன்று மற்றவற்றைவிட வேகமாக ஒழுகினால், அடுத்த முறை நிரப்ப வருவதற்குள் 1 என்பது 0 ஆகிவிடும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். காலையில் ஒழுங்காக ஓடும் கணினி இரண்டு மணி நேரம் கழித்துத் தடுமாறுவதற்கு அது ஒரு காரணம்.

ஒரே ஒரு பிட் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கணினியில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. யுனிகோடில் 'ல' 2994, 'ள' 2995. இரும எண்ணில் எழுதினால் 101110110010, 101110110011. கடைசிப் பிட் மட்டும்தான் வேறு. அது புரண்டால் 'கலை' என்பது 'களை' ஆகிவிடும். ர-ற, ந-ன ஜோடிகளுக்கும் இதே கதைதான். கட்டுரையில் விழுந்தால் எழுத்துப்பிழை என்று திருத்திவிடலாம். கணக்கில் விழுந்தால் தொகை மாறும். ரேமில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு, அதுதான் முகவரி. நிரல் அடுத்துப் போக வேண்டிய முகவரியில் விழுந்தால் நிரல் எங்கோ போய் நிற்கும், திரை நீலமாகும்.

நீலத்திரை வந்தாலாவது தெரிகிறது. சத்தமில்லாமல் கெடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் கெட்ட பிட்டோடு ஃபைலைச் சேமித்தால் அது அப்படியே டிஸ்கில் பதிந்துவிடும். ரேமைச் சோதிக்காமல் விண்டோஸைத் திரும்பப் போடுவது தவறு என்று நான் அடித்துச் சொல்வதும் இதனால்தான். புது விண்டோஸும் அதே ஓட்டைக்குக் கீழேதான் வந்து இறங்குகிறது.

நான் போன அன்று மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசச் சோதனை நிரலைப் பென் டிரைவில் கொண்டுபோனேன். விண்டோஸ் ஓடும்போது அதுவே ரேமில் உட்கார்ந்திருக்கும், அதன் காலுக்கடியில் சோதிக்க முடியாது. அதனால் பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடக்க வேண்டும். நிரல் எல்லா இடத்திலும் 0 எழுதி வாசிக்கும், பிறகு 1, பிறகு மாற்றி மாற்றி. இரவு பத்து மணிக்கு ஓடவிட்டுப் படுத்தோம். காலையில் திரையில் சிவப்பு வரிகள். இருக்க வேண்டியது 11111111, இருந்தது 11110111. எல்லா வரியிலும் ஒரே முகவரி, ஒரே பிட்.

இந்த இடத்தில் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பல முகவரிகளில் ஒரே பிட் தவறினால், ரேம் பலகையின் விளிம்பில் துளைக்குள் செருகும் தங்க முலாம் பற்களில் ஒன்று சரியாகத் தொடவில்லை என்று சந்தேகிக்கலாம். மாதக்கணக்கில் ஈரமும் மூடுபனியும் புகுந்த அறையில், தூசு ஈரத்தை இழுத்துக்கொண்டு அந்தப் பற்களில் படிவது நடக்கக்கூடியதுதான். ஒரே முகவரி என்றால் அந்தக் குடமே ஓட்டை.

மழையைத்தான் அக்கா குற்றம் சொன்னார், அதனால் அதையும் பார்த்துவிட்டோம். வயரைக் கழற்றி, கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்னைப் போக்கிவிட்டு, இரண்டு ரேம் பலகைகளையும் எடுத்தேன். அழிறப்பரால் தேய்ப்பவர்கள் உண்டு. தங்க முலாம் தேயும், தூள் உள்ளே விழும், வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும். துடைத்துப் போட்டும் அதே பிழைதான். அப்புறம் ஒவ்வொரு பலகையாக, ஒரே துளையில் போட்டுச் சோதித்தேன். ஒன்று சுத்தம். மற்றதை எந்தத் துளையில் போட்டாலும் பிழை கூடவே வந்தது. துளை மாறினால் பிழை மறைந்திருந்தால் மதர்போர்டைப் பார்த்திருப்பேன். சோதனை முழுக்கச் சுத்தமாக வந்திருந்தால் பவர் சப்ளையை.

விண்வெளிக் கதிர்களும் பிட்டைப் புரட்டும் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். உண்மைதான், உயரம் கூடினால் அதுவும் கூடும். அக்காவின் தோட்டமும் மலைமேல்தான் இருக்கிறது. ஆனால் நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் காந்தப்புலம் அந்தக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகிறது. தவிர, கதிர் புரட்டிய பிட் அடுத்த முறை எழுதியதும் சரியாகிவிடும். இரவு முழுக்க ஒரே முகவரியில் விழுவது கதிரின் வேலை இல்லை.

பழுதான பலகையைக் கழற்றிவிட்டு, மிச்சம் 4 ஜிபியோடு ஓடவிட்டோம். மெதுவாக ஓடுகிறது, நிற்கவில்லை. ஆனால் பழைய நாட்களில் சேமித்தவை பாக்கி இருந்தன. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கட்டுரைகள் சரி. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எடுத்து, கணினியில் திருத்திச் சேமித்த படங்களில் ஒன்று மட்டும் பாதிவரை தெளிவாக இருந்தது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். நல்லவேளை, அதன் மூலப்படம் போனில் இருந்தது.