ஐப்பசி வெயிலும் வாடைக் காற்றும்

ஐப்பசி அடைமழை என்பது சொலவடை. ராமநாதபுரம் கரையில் ஐப்பசியின் முதல் பாதி பல வருஷங்களில் வெறும் புழுக்கமாகவே கழிகிறது. ‘இந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு’ என்ற பேச்சும் அப்போதுதான் கிளம்பும். வெயிலை வைத்து அப்படி முடிவு கட்ட வேண்டாம். இங்கே பருவம் மாறியதைக் காட்டிக்கொடுப்பது காற்றின் திசை.

புரட்டாசிக் கடைசியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) ஓய்கிறது, வாடை (வடகிழக்குக் காற்று) இன்னும் பிடிக்கவில்லை. இந்த இடைவெளியில் வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி ஆந்திராவுக்கோ ஒடிசாவுக்கோ போனால், ஈரத்தையெல்லாம் அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நமக்கு மிச்சம், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு வரும் வறண்ட மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. அது கடற்காற்றை உள்ளே விடாது. வழக்கமாக முற்பகலிலேயே ஏறும் கடற்காற்று தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் மதியம் தாண்டியும் வராமல் இருப்பது அதனால்தான். அந்தத் தாழ்வு கரையேறி ஓய்ந்தபின் கீழ்காற்று (கிழக்கிலிருந்து வீசும் காற்று) திரும்பச் சில நாள் பிடிக்கும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கச் சராசரித் தேதி அக்டோபர் 20. அதை அறிவிக்கும் முன் வானிலைத் துறை பார்ப்பவற்றில் முக்கியமானது, தரையிலிருந்து சுமார் 1.5 கி.மீ. உயரம் வரை கீழ்காற்று நிலைத்திருக்கிறதா என்பது. கரையில் நிற்பவரும் ஓரளவு கணிக்கலாம். விடியற்காலைக் காற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். வாடை பிடிக்கும்வரை அது பெரும்பாலும் தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. காலை 10 மணிக்கு மேல் பாருங்கள். இரண்டு மூன்று நாள் இரவு பகலாக வடகிழக்கிலிருந்தே வீசி, தாழ்வான மேகங்கள் கடலிலிருந்து தரைப்பக்கம் ஓடினால் வாடை பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.

அதற்கு முன்பே படகை இடம் மாற்றிவிட வேண்டும். வடகடல் (பாக் விரிகுடா) ஆழம் குறைந்தது, பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான். வாடை அடித்தால் அலை நீண்டு உருளாமல், குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து எழும். சின்ன வள்ளத்துக்கு இதுதான் ஆபத்து. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அப்போது பாம்பன் தீவின் மறைவில் இருக்கும். தீவின் தென்கரையில் உள்ள குந்துகாலில் படகுகள் நெருக்கியடிப்பது அதனால்தான். நெருக்கினாலும் நங்கூரக் கயிற்றைச் சுருக்காதீர்கள். ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு வேண்டும்: 2 பாகத் (ஒரு பாகம் சுமார் ஆறடி) தண்ணீருக்கு 10 முதல் 14 பாகம். கயிறு குட்டையானால் இழுப்பு மேல்நோக்கி விழுந்து நங்கூரம் பெயர்ந்துவிடும். நங்கூரத்தை ஒட்டி ஒன்றிரண்டு பாகம் சங்கிலி இருந்தால் இழுப்பு தரையோடு கிடக்கும். அணியத்தில் (படகின் முன்பகுதியில்) கயிறு உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைச் சுற்றுங்கள். பெரும்பாலும் ஒரே இரவில் அறுவது அந்த இடம்தான். இன்னொன்று, கட்டிப்போட்ட படகை அலை மூழ்கடிப்பதைவிட, இறைக்காமல் விட்ட மழைத்தண்ணீர் மூழ்கடிப்பதே அதிகம்.

பாம்பனில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை எல்லோரும் பார்க்கிறார்கள், சரியாகப் படிப்பவர்கள் குறைவு. 1, 2 என்றால் தொலைவில், நடுக்கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. துறைமுகத்துக்கு நேரடி ஆபத்து இல்லை, கடலுக்குப் போனவருக்கு உண்டு. 3 முதல் துறைமுகமே பாதிக்கப்படலாம். 5 முதல் அபாயக் கூண்டு. ஆனால் கூண்டு ஏறாத நாளில் பயமில்லை என்றும் இல்லை. 2024 நவம்பர் 20 அன்று புயலும் கிடையாது, அதற்கொரு பெயரும் கிடையாது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 செ.மீ. ஒரு நாளில் 20 செ.மீ.யைத் தாண்டினாலே ‘அதி கனமழை’ என்பது கணக்கு.

குளிர் தொடங்கிவிட்டால் புயல் காலம் முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது 1964 டிசம்பர் 22 இரவில், மார்கழி முதல் வாரத்தில். 2020-இல் புரெவி நம் கரையோரம் நகராமல் நின்றதும் டிசம்பரில்தான்.

கடலோரக் குளிர் பெரிய குளிர் அல்ல. பாம்பனில் மார்கழி அதிகாலையிலும் 22 டிகிரிக்குக் கீழே போவது அரிது. சுற்றியுள்ள கடல் விடாது. நடுக்குவது நனைந்த உடம்பில் படும் வாடை. உள்ளே கமுதி, பரமக்குடிப் பக்கம்தான் பனி இறங்கும், கவலையும் அங்கேதான். வெயில் நீண்டால் குண்டு மிளகாயில் இலைப்பேன் பெருகி, இலை ஓரம் மேல்நோக்கிச் சுருளும். கீழ்நோக்கிச் சுருண்டால் அது சிலந்திப்பேன், மருந்தே வேறு. பார்க்காமல் கடையில் கொடுத்ததை அடித்தால் காசு போகும்.

நெல்லில் பனியோடு வருவது குலைநோய். இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. தென்பட்டவுடன் யூரியாவை நிறுத்துங்கள். ட்ரைசைக்ளசோல் 75 சதத் தூள் ஏக்கருக்கு 200 கிராம். பனி காயாத இலையில் அடித்தால் மருந்து வழிந்து மண்ணுக்குப் போகும். 9 மணிக்குமேல் தொடங்கி, காற்று வேகம் பிடிக்கும் முன் அடித்து முடித்துவிடுங்கள்.