354 ரூபா பிடிச்சாங்களா, எந்த ரூல்படினு கேளுங்க

சித்தி பாஸ்புக்குல என்ட்ரி போட்டுட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. "ஆயிரம் ஏறிருக்குடா, அடுத்த வரியிலயே 354 எறங்கிருக்கு, யாருடா எடுத்தா?" ஏறுனது மகளிர் உரிமைத் தொகை. எறங்குனது மினிமம் பேலன்ஸ் சார்ஜ், 300 ரூபா சார்ஜ், அதுக்கு மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி 54 ரூபா. பின்பக்கம் திருப்பிப் பார்த்தா இதே 354 ஒரு வருஷத்துல நாலு எடத்துல இருக்கு, முன்னாடி மூணும் நூறு நாள் வேலை கூலி ஏறுன தேதிக்கு அடுத்த வரியில. சித்தி அதெல்லாம் ஏதோ ஏடிஎம் கணக்குனு நெனச்சு விட்டுட்டாங்க.

இது அவங்களுக்கு மட்டும் நடந்ததில்ல. 2023 செப்டம்பர்ல உரிமைத் தொகை போட ஆரம்பிச்ச உடனேயே ஊரெல்லாம் இதே புகார், அப்போ தமிழக நிதி அமைச்சரா இருந்த தங்கம் தென்னரசு அறிக்கையே விட்டாரு, அந்தப் பணத்துல பேங்க் கை வைக்கக் கூடாது, வச்சா அரசாங்க உதவி எண் 1100-க்கு போன் பண்ணுங்கனு. சரி, உரிமைத் தொகைக்கு அரசாங்கம் பேசுச்சு, மத்த காசுக்கு நாமதான் பேசணும். அதுக்குத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

முதல்ல ஒரு விஷயம், நிறைய பேர் இங்கதான் சறுக்கறாங்க. பேங்க்ல போய் "இது அநியாயம் சார், ஏழை காசு சார்"னு சொன்னா மேனேஜர் பாவமா பார்ப்பாரு, "சிஸ்டம் பிடிக்குதும்மா"னு அனுப்பிடுவாரு. ஏன்னா மினிமம் பேலன்ஸ் எவ்வளவு, சார்ஜ் எவ்வளவுனு முடிவு பண்றத ரிசர்வ் பேங்க் பேங்க்குங்க கையிலயே விட்டிருக்கு. 2025 ஆகஸ்ட்ல ஒரு பெரிய தனியார் பேங்க் புது அக்கவுண்டுக்கு மெட்ரோ சிட்டியில 50,000 ரூபா வச்சிருக்கணும்னு சொல்லி நாடே கத்துனப்போ கூட, ரிசர்வ் பேங்க் கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா அது பேங்க்கோட முடிவுனுதான் சொன்னாரு. (கத்துனதுல அந்த பேங்க்கே 15,000-க்கு எறங்குச்சு, அது வேற கதை.)

பிரிட்டன்லயும் இதே கதைதான். 2006, 2007 வாக்குல அங்க ஓவர்டிராஃப்ட் சார்ஜ் (கணக்குல இருக்கறதை விட ஜாஸ்தி எடுத்தா பிடிக்கறது) அநியாயம்னு ஆயிரக்கணக்கான பேர் சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கற ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போனாங்க, பல கேஸ்ல பேங்க்குங்க விசாரணை தேதிக்கு முன்னாடியே காசைக் குடுத்து முடிச்சுக்கிட்டாங்க, அப்புறம் அது டெஸ்ட் கேஸா மேல போயி 2009 நவம்பர்ல அங்க சுப்ரீம் கோர்ட், இந்த சார்ஜெல்லாம் பேங்க் சேவையோட விலையில ஒரு பகுதி, அது நியாயமானு அங்க இருந்த நுகர்வோர் ஒப்பந்த விதிகள்படி எடை போட முடியாதுனு பேங்க் பக்கம் சொல்லிடுச்சு. அதனால தொகை ஜாஸ்தினு சண்டை போடாதீங்க. பிடிச்ச முறை தப்புனு போடுங்க. முறைக்கு நம்ம ஊர்ல ரூல் இருக்கு, பேங்க் அதுல அடிக்கடி கோட்டை விடுது.

மினிமம் பேலன்ஸ் சார்ஜுக்கு ரிசர்வ் பேங்க் 2014 நவம்பர்ல ஒரு சர்க்குலர் போட்டுச்சு, 2015 ஏப்ரல் 1-லருந்து அமல். பேலன்ஸ் குறைஞ்சா பேங்க் உடனே எஸ்எம்எஸ், மெயில், இல்லனா லெட்டர்ல சொல்லணும், "ஒரு மாசத்துக்குள்ள சரி பண்ணலனா சார்ஜ் போடுவோம்"னு. சொல்லாம பிடிச்சா தப்பு. அப்புறம் சார்ஜ் எவ்வளவு குறையுதோ அந்த அளவுக்குத்தான் இருக்கணும், நூறு ரூபா குறைஞ்சவனுக்கும் ஆயிரம் குறைஞ்சவனுக்கும் கண்ணை மூடிட்டு ஒரே தொகை போடக் கூடாது. மூணாவது, இந்த சார்ஜ் போட்டதால மட்டுமே சேவிங்ஸ் அக்கவுண்ட் மைனஸுக்குப் போகக் கூடாது. இந்த மூணாவதுல பேங்க் பண்ற வேலையப் பாருங்க, மைனஸ்ல காட்டாம உள்ளுக்குள்ள பாக்கினு எழுதி வச்சுக்கிட்டு காசு ஏறுன நிமிஷம் உருவிக்கறாங்க. சித்திக்கு நடந்தது அதுதான். என்னைக் கேட்டா இது அந்த ரூலோட நோக்கத்தையே கொல்லைப்புற வழியா காலி பண்றது, கம்ப்ளைன்ட்ல இதையும் ஒரு வரி எழுதுங்க.

ரெண்டு வருஷமா நீங்க ஒரு பரிவர்த்தனையும் பண்ணாத அக்கவுண்ட் செயலற்ற கணக்கு ஆயிடும். அதுல மினிமம் பேலன்ஸ் அபராதம் போடவே கூடாது, திரும்ப உயிர் கொடுக்கறதுக்கும் சார்ஜ் கூடாது. 2024 ஏப்ரல்ல அமலுக்கு வந்த ரிசர்வ் பேங்க் உத்தரவுல இது தெளிவா இருக்கு. பழைய கம்பெனி சேலரி அக்கவுண்டை அப்படியே போட்டு வச்சிருக்கவங்க இதை குறிச்சு வச்சுக்கோங்க, சம்பளம் நின்னா அந்த ரெண்டு வருஷம் முடியறதுக்கு முன்னாடியே அது சாதா சேவிங்ஸா மாறி மினிமம் பேலன்ஸ் கேட்க ஆரம்பிச்சுடும்.

ஏடிஎம்ல காசு இல்ல, மெஷின் கோளாறு, தப்பு பின் நம்பர், இந்த மாதிரி ஃபெயில் ஆன தடவையெல்லாம் மாசத்துக்கு இத்தனை தடவை இலவசம்ங்கற எண்ணிக்கையில சேர்க்கக் கூடாது. காசு வராம அக்கவுண்ட்ல மட்டும் கழிஞ்சிருந்தா அஞ்சு நாளைக்குள்ள தானா திரும்பணும், அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா பேங்க் குடுக்கணும், நீங்க கேட்காமலே குடுக்கணும். 2019 செப்டம்பர் உத்தரவு அது. இந்த நூறு ரூபாயைக் கேட்டு வாங்குனவங்க எனக்குத் தெரிஞ்சு விரல் விட்டு எண்ணலாம். எஸ்எம்எஸ் சார்ஜும் வந்த மெசேஜ் கணக்குப்படிதான், எல்லாருக்கும் மொத்தமா ஒரு தொகை கிடையாது. நீங்க கேட்காத கிரெடிட் கார்டை ஆக்டிவேட் பண்ணி பில் அனுப்புனா, சார்ஜை எடுக்கறது மட்டுமில்ல, அதைப் போல ரெண்டு மடங்கு உங்களுக்குத் தரணும்.

இப்ப கம்ப்ளைன்ட். வாயால சொன்னா கம்ப்ளைன்ட் இல்ல, கஸ்டமர் கேர்ல அரை மணி நேரம் பாட்டு கேட்டாலும் இல்ல. எழுத்துல குடுங்க, பேங்க்கோட குறைதீர்ப்பு மெயிலுக்கு அனுப்பலாம், இல்ல பிராஞ்ச்லயே ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போயி ஒண்ணுல சீலும் தேதியும் வாங்கிக்கலாம். சீல் போட மாட்டேன்னு சொன்னா சண்டை வேணாம், அப்படியே தபால் ஆபீஸ் போயி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு ரசீதை பத்திரமா வச்சுக்கோங்க.

சித்திக்கு நான் எழுதுனது அரைப் பக்கம்தான். நாலு தேதி, நாலு தொகை. கீழ மூணு கேள்வி: ஒவ்வொரு தடவையும் எந்தத் தேதியில, எந்த நம்பருக்கு, என்ன நோட்டீஸ் அனுப்புனீங்க, காப்பி குடுங்க. அந்த மாசம் எவ்வளவு குறைஞ்சது, உங்க ஸ்லாப் (எவ்வளவு குறைஞ்சா எவ்வளவு சார்ஜ்ங்கற பட்டியல்) படி 300 எப்படி வந்தது. எந்த சர்க்குலர் படி பிடிச்சீங்க. கடைசியா, ஆதாரம் இல்லனா 1,416 ரூபாயையும் திருப்பிப் போடுங்க, 30 நாள்ல பதில் வரலனா ஆம்புட்ஸ்மேன் (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்க ரிசர்வ் பேங்க் வச்சிருக்கற அதிகாரி) கிட்ட போவோம்னு ஒரு வரி. கோபமா ஒரு வார்த்தை கூட இல்ல, சித்திக்கே அது பிடிக்கல, "நல்லா நாலு வார்த்தை கேளேன்டா"னாங்க.

இருபத்திரெண்டாம் நாள் பதில் வந்துச்சு. விஷயம் என்னனா அந்த அக்கவுண்ட் பதினஞ்சு வருஷப் பழசு, மொபைல் நம்பரே சேர்க்கல, அப்ப எஸ்எம்எஸ் எங்க அனுப்புவாங்க? லெட்டர் காப்பியும் அவங்க கிட்ட இல்ல. மூணு சார்ஜ் திரும்பிடுச்சு. நாலாவது திரும்பல, ஏன்னா உரிமைத் தொகைக்கு எழுதிக் குடுத்த சமயத்துல பேங்க்ல என் தம்பி நம்பரை சேர்த்திருந்தாங்க, அவனுக்கு எஸ்எம்எஸ் வந்திருக்கு, ஆஃபர் மெசேஜ்னு நெனச்சு அவன் தொடவே இல்ல. ஏறுன தொகையப் பார்த்தா 900. ஜிஎஸ்டி 162-ஐ விட்டுட்டாங்க! சார்ஜே தப்புனு ஒத்துக்கிட்டு திருப்பும்போது அதுக்கு மேல போட்ட வரி மட்டும் எப்படி நிக்கும்? இன்னொரு மெயில் போட்டு அதையும் வாங்குனோம். உங்களுக்கு ரீஃபண்ட் வந்தா இதை கட்டாயம் கூட்டிப் பாருங்க.

பேங்க் மறுத்துட்டா, இல்ல 30 நாள் ஆகியும் வாயே திறக்கலனா, அடுத்த படி ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன். முன்னாடி பேங்குக்கு ஒண்ணு, ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஒண்ணு, டிஜிட்டல் பரிவர்த்தனைக்கு ஒண்ணுனு மூணு ஸ்கீம் இருந்துச்சு, 2021 நவம்பர் 12-ல மூணையும் ஒண்ணாக்கிட்டாங்க. பைசா செலவு இல்ல. சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் சைட்ல மொபைல் ஓடிபி போட்டு உள்ள போயி பதியலாம், ஆன்லைன் ஒத்துவராதவங்க சண்டிகர் செக்டர் 17-ல இருக்கற ரிசர்வ் பேங்க் மையத்துக்கு தபால்ல அனுப்பலாம், சந்தேகம்னா 14448. வக்கீல் வச்சு தாக்கல் பண்ணக் கூடாது, நீங்களே பண்ணணும், இல்ல வேற ஒருத்தரை எழுதிக் குடுத்து அனுப்பணும்.

தள்ளுபடி ஆகறதுக்கு வழக்கமான காரணம் ரெண்டு. ஒண்ணு, பேங்க்ல எழுத்துல குடுக்காமயோ 30 நாள் முடியறதுக்கு முன்னாடியோ ஓடறது. ரெண்டு, "சார்ஜ் ஜாஸ்தி"னு எழுதறது, அது பேங்க்கோட வியாபார முடிவுனு மூடிடுவாங்க. நோட்டீஸ் குடுக்கல, ஸ்லாப் படி இல்ல, இந்த சர்க்குலரை மீறிட்டாங்கனு எழுதுங்க. அலைஞ்ச அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியா நஷ்ட ஈடு கேட்கற கட்டமும் ஃபார்ம்ல இருக்கு, 2021 ஸ்கீம்ல அது 1 லட்சம் வரைக்கும், 354-க்கு லட்சம் கேட்காதீங்க, சிரிப்பாங்க, ஆனா போக்குவரத்து, தபால், ஒரு நாள் கூலி போனதுனு கணக்கு சொல்லிக் கேட்டா அதுல தப்பே இல்ல. பேங்க் பதில் வந்த உடனே பதிஞ்சுடுங்க, அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கலாம்னு ஆறப் போடாதீங்க.

அதுவும் சரிவரலனா கோர்ட். சென்னையில சிறு வழக்குகள் நீதிமன்றம்னு ஒண்ணு இருக்கே அங்கயானு ஒரு நண்பர் கேட்டாரு, அது வாடகை கேஸு, ஆக்சிடென்ட் கேஸு நடக்கற எடம். நமக்கு சரியான எடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், வழக்கமா எல்லாரும் கன்ஸ்யூமர் கோர்ட்னு சொல்றது. 2019 சட்டம், 2020 ஜூலையில அமலுக்கு வந்தது, அதுல நமக்கு சாதகமா நிறைய இருக்கு. பேங்க் ஹெட் ஆபீஸ் மும்பையில இருந்தாலும் நீங்க குடியிருக்கற, இல்ல வேலை பார்க்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம். 5 லட்சம் வரைக்கும் கோர்ட் ஃபீஸ் பூஜ்யம். வக்கீல் கட்டாயம் இல்ல. அரசாங்கத்தோட இ-ஜாக்ருதி போர்ட்டல்ல வீட்டுல இருந்தே தாக்கல் பண்ணலாம். பிரச்சினை நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அதைத் தாண்டுனா தாமதத்துக்கு காரணம் சொல்லி மனு போடணும். நோட்டீஸ் போன 30 நாள்ல பேங்க் பதில் குடுக்கணும், மிஞ்சிப் போனா இன்னும் 15 நாள், 45-ஐத் தாண்டுனா அவங்க பதிலை எடுத்துக்கவே கூடாதுனு 2020-ல சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு சொல்லிடுச்சு. ஆனா மூணு மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கறதை நம்பி காலண்டர்ல குறிக்காதீங்க, வாய்தா வாய்தானு போகும். கரண்ட் அக்கவுண்ட் வச்சிருக்கற வியாபாரிங்களுக்கு இன்னொரு சிக்கல், வணிக நோக்கம்னு பேங்க் ஆட்சேபணை கிளப்பும், சொந்தப் பிழைப்புக்கு நடத்தற சின்னக் கடைனு நீங்க காட்டணும்.

சார்ஜே நியாயமில்லனு ஒப்பந்தத்தையே எதிர்க்கவும் இந்தச் சட்டத்துல ஒரு கதவு இருக்கு, நியாயமில்லாத சார்ஜ் சுமத்தற ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம்னே அதுல சொல்லியிருக்கு. ஆனா அதை மாவட்டத்துல கேட்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போகணும். 354-க்கு நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

ஆம்புட்ஸ்மேன், கோர்ட் ரெண்டுலயும் ஒரே நேரத்துல துண்டு போட்டு வைக்க முடியாது, கோர்ட்ல கேஸ் நிலுவையில இருந்தா ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டாரு. முதல்ல அவரு, கைவிட்டா கோர்ட், அந்த வரிசைதான் செலவு கம்மி. சித்தியோட அந்த நாலாவது 354-க்கு ஆம்புட்ஸ்மேன் வரைக்கும் போலாமா, தொகை ஸ்லாப் படி இல்லனு கேட்டுப் பார்க்கலாம்னு சொன்னேன், "மூணு வந்துச்சுல்ல, போதும், அதுக்குப் பதிலா இனிமே பிடிக்காத மாதிரி பண்ணு"ன்னுட்டாங்க.

அதுக்கும் வழி இருக்கு. எந்த பேங்க்லயும் அடிப்படை சேமிப்புக் கணக்குனு கேளுங்க, ஜீரோ பேலன்ஸ், ஏடிஎம் கார்டு சும்மா, மாசம் நாலு தடவையாவது சார்ஜ் இல்லாம எடுக்கலாம். அது ஏழைங்களுக்கு மட்டும்னு கவுண்டர்ல சொன்னா நம்பாதீங்க, யாரும் திறக்கலாம். ஒரு கண்டிஷன், அதே பேங்க்ல வேற சேவிங்ஸ் அக்கவுண்ட் வச்சிருக்கக் கூடாது. ஸ்டேட் பேங்க் 2020-லயே மினிமம் பேலன்ஸை எடுத்துடுச்சு, 2025-ல கனரா பேங்க், பஞ்சாப் நேஷனல் பேங்க், நம்ம சென்னை இந்தியன் பேங்க் எல்லாம் எடுத்துடுச்சு. சித்தி பழைய பிராஞ்சுலயே மாத்திக் கேட்டாங்க, முதல் நாள் ஃபார்ம் தீர்ந்து போச்சுனாங்க, ரெண்டாம் நாள் நான் கூடப் போனேன், ஃபார்ம் இருந்துச்சு.