தூக்கம் வர எந்தப் பாட்டு கேட்கலாம்?

"மாத்திரை வேண்டாம் டாக்டர், பழகிடும்னு சொல்றாங்க. தூக்கம் வர்ற மாதிரி ஏதாவது பாட்டு சொல்லுங்களேன்." மனநல மருத்துவராக இருக்கும் என்னிடம் வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். இசை தூக்கத்துக்கு உதவும் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் கேட்கிறவர்கள் ஒரு ராகத்தின் பெயரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன்: இப்போது என்ன கேட்கிறீர்கள், எதில் கேட்கிறீர்கள், கேட்கும்போது மனசு எங்கே போகிறது? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலும் விஷயம் பிடிபடும்.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், ஐம்பதை நெருங்குபவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பதினோரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு இயர்போனில் எண்பதுகளின் சினிமாப் பாட்டு கேட்பார். எல்லாம் மெதுவான மெலடி, வால்யூமும் குறைவு, ஆனாலும் ஒரு மணி வரை கண் மூடாது. "பாட்டு இல்லாம எனக்குத் தூக்கமே வராது டாக்டர்" என்றார். பாட்டு இருந்தும் வரவில்லையே அம்மா என்று கேட்டு, பேசிப் பார்த்ததில், அந்தப் பாட்டுகள் ஒவ்வொன்றோடும் அவருக்கு ஒரு ஊர், ஒரு வீடு, ஒரு முகம் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. பல்லவி முடிந்து வரப்போகும் வயலினுக்காகக் காத்திருப்பார், அது வந்தால் கல்லூரி விடுதி வந்துவிடும், விடுதி வந்தால் இளம் வயதிலேயே இறந்துபோன தோழி வந்துவிடுவார், அப்புறம் எங்கே தூங்குவது?

ரொம்பப் பிடித்த பாட்டு படுக்கைக்கு ஆகாது என்று சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. பாட்டை விடச் சொல்லவில்லை, சாயங்காலம் சமையலறையில் ஆசை தீரக் கேளுங்கள் என்றேன். "சரி, அதையே வரிகள் இல்லாம புல்லாங்குழலில் கேட்கலாமா?" என்றார். பலரும் செய்வதுதான் இது, யூடியூபில் அப்படிப்பட்ட வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று வேறு மாதிரி சொல்கிறது. படுக்கும் முன் பிரபலமான பாட்டுகளைச் சிலருக்கு வரிகளோடும் சிலருக்கு வெறும் வாத்திய இசையாகவும் போட்டுக் காட்டினார்கள். வாத்தியமாகக் கேட்டவர்களுக்குத்தான் பாட்டு மண்டைக்குள் அதிகம் ஓடிக்கொண்டே இருந்தது, தூக்கமும் கெட்டது. தெரிந்த பாட்டில் காதுக்கு வராத வரியை மனம் தானே பாடி நிரப்பிக்கொள்ளும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் ஊரில் அடுத்த கேள்வி நீலாம்பரியைப் பற்றியதாகத்தான் இருக்கும். தாலாட்டுக்கு உரிய ராகம், கோயில்களில் பள்ளியறை நேரத்தில் நாகஸ்வரத்தில் வாசிக்கும் ராகம், அதைக் கேட்டால் தூக்கம் வரும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். தாராளமாகக் கேளுங்கள், நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ராகத்தை மாத்திரை மாதிரி நினைக்காதீர்கள். கர்நாடக இசை சொல்லிக்கொடுக்கும் ஒருவர் என்னிடம் வந்தார், நீலாம்பரி கேட்டால் அவருக்கு இருக்கிற தூக்கமும் போய்விடுகிறது. "எந்த சங்கதியை எங்கே விட்டாங்கன்னு பார்த்துட்டே இருப்பேன், கை தன்னால தொடையில் தாளம் போடுது." அவருக்கு இசையே வேண்டாம் என்று சொல்லி மழைச் சத்தம் மட்டும் போடச் சொன்னேன், அது ஒத்துவந்தது.

ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறும் என்பதை 2023இல் வெளிவந்த ஒரு டென்மார்க் ஆய்விலும் பார்க்கலாம். ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுக் கேட்கும் செயலியில் தூக்கத்துக்கென்று மக்கள் போட்டுவைத்த பிளேலிஸ்ட்களிலிருந்து 2,25,626 பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பொதுவாக மெதுவான, சத்தம் குறைந்த, வரிகள் குறைவான இசைதான் அதிகம், ஆனாலும் வேகமான பிரபல பாட்டுகளும் அதில் ஒரு வகையாக இருந்தன. ஆகவே உங்கள் அக்கா தூங்கும் பாட்டில் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் உங்களிடம் எந்தக் கோளாறும் இல்லை.

வங்கிக்காரருக்குக் கடைசியில் நான் சொன்னது வீணை ஆலாபனை. வரி கிடையாது, தாளக் கட்டு கிடையாது, அவர் முன்பு கேட்டதும் கிடையாது, அதனால் எந்த முகமும் அதோடு ஒட்டியிருக்கவில்லை. முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை என்று போன் செய்தார். இங்கேதான் பலரும் பாட்டை மாற்றிவிடுகிறார்கள், தினமும் ஒரு புதுப் பாட்டு தேடி, அந்தத் தேடலிலேயே அரை மணி நேரம் செல்போன் வெளிச்சத்தில் போய்விடுகிறது. தைவானில் 60 முதல் 83 வயது வரையுள்ள 60 பேரிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், தினமும் படுக்கும்போது 45 நிமிடம் மெதுவான இசை கேட்டவர்களுக்கு வாரம் போகப்போகத் தூக்கம் கூடிக்கொண்டே வந்தது. புடாபெஸ்டில் தூக்கக் கோளாறு இருந்த 94 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது, அதிலும் 45 நிமிடம்தான், மூன்று வாரத்துக்கு, மேற்கத்திய சாஸ்திரிய இசை. கேட்டவர்களுக்குத் தூக்கம் நன்றாகவே மேம்பட்டது, அதே நேரத்தில் ஒலிப்புத்தகம் கேட்டவர்களுக்கு அப்படி ஒன்றும் மாறவில்லை. கதை கேட்டுக்கொண்டே தூங்குகிறேன் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம், கதை என்றால் அடுத்து என்ன என்று மனம் கேட்கத்தானே செய்யும். இப்படிப்பட்ட 13 ஆய்வுகளை, ஆயிரத்துச் சொச்சம் பேரை, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பின் குழுவினர் 2022இல் தொகுத்துப் பார்த்து, இசை கேட்டவர்கள் தங்கள் தூக்கம் மேம்பட்டதாகச் சொல்கிறார்கள் என்றே முடிவுக்கு வந்தார்கள். ஆகவே ஒரே தொகுப்பு, ஒரே நேரம், மூன்று வாரம். தாளமுள்ள இசை என்றால் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரை போகும் வேகம் போதும், ஓய்வாக இருக்கும்போது நாடி துடிப்பது ஏறக்குறைய அந்த அளவுதான்.

காது தூங்குவதில்லை, இதை நினைவில் வையுங்கள். தூங்கும் ஒருவரிடம் பல பெயர்களை ஒலிக்கவிட்டால், அவருடைய சொந்தப் பெயர் வரும்போது மூளை அலைகள் கூடுதலாக அசைந்து கொடுக்கின்றன என்று 1960இலேயே காட்டிவிட்டார்கள். அப்படியென்றால் வீணை முடிந்ததும் திடீரென்று அலறும் சோப்பு விளம்பரம் என்ன செய்யும்? கச்சேரியில் பதிவு செய்ததாக இருந்தால் நடுவில் கைதட்டல் வரும், மிருதங்கம் தனியாக முழங்கும் தனி ஆவர்த்தனம் வரும். பதிவை முதலில் பகலில் முழுதாக ஒருமுறை கேட்டுவிட்டு, தூக்கிவாரிப்போடும் இடம் எதுவும் இல்லை என்று தெரிந்தபின் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தாலாட்டுப் பாடும் அம்மாவைக் கவனித்திருக்கிறீர்களா? குழந்தைக்குக் கண் சொருகியதும் சட்டென்று நிறுத்த மாட்டார். வார்த்தை தேய்ந்து 'ஆராரோ' மட்டும் மிஞ்சி, அப்புறம் அதுவும் தேய்ந்து வெறும் முணுமுணுப்பாகி, தூளியின் ஆட்டமும் சிறிதாகிக்கொண்டே வந்து நிற்கும். (தூளிக்கும் ஆதாரம் உண்டு: ஜெனீவாவில் 2019இல் வெளியான ஆய்வில் மெதுவாக ஆடும் கட்டிலில் படுத்த பெரியவர்களே சீக்கிரம் தூங்கினார்கள்.) உங்கள் செல்போனையும் அந்த அம்மா மாதிரி நடந்துகொள்ளச் செய்ய வேண்டும். சத்தம் படிப்படியாகக் குறைந்து அணையும்படி டைமர் வைக்கும் வசதி பல செயலிகளில் இருக்கிறது, 45 நிமிடத்துக்கு வையுங்கள். விடிய விடிய ஓடவேண்டிய அவசியம் இல்லை.

இயர்போன் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். ஒருக்களித்துப் படுக்கும்போது காதை அழுத்தும், அழுக்கை உள்ளே தள்ளும், வியர்வை காலத்தில் காதுத் துளையில் புண்ணாகும். நாலடி தள்ளி ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும். படுக்கையறைக்குள் இரவில் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபெலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், நம் வீடுகளில் ஓடுகிற மின்விசிறியே அதைத் தாண்டிவிடும், எனவே விசிறிச் சத்தத்தோடு கரைந்து கேட்கிற அளவுக்கு மேல் வைக்காதீர்கள். கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம்: குழந்தைகளைத் தூங்க வைக்க விற்கும் ஒலிக் கருவிகளை 2014இல் சோதித்தபோது, சில கருவிகள் ஓர் அடி தூரத்தில் 85 டெசிபெலையும் தாண்டின. தொட்டிலுக்குள் செல்போனை வைத்துப் பாட்டு போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

காதிரைச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் வேறு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இரவில் வீடு அடங்கியதும் காதுக்குள் சில்வண்டு கத்த ஆரம்பிக்கும். அமைதிதான் அவருக்கு எதிரி. இரைச்சலை முழுசாக மூடாமல் அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கும்படி தம்பூரா சுருதியை இரவு முழுக்க ஓடவிடச் சொன்னேன், காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பார்க்கச் சொன்னேன்.

இரண்டு வகையினர் இசையை நம்பி நாள் கடத்தக்கூடாது. ஏற்கெனவே தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம், குளோனசிபம் போன்ற மாத்திரை மாதக்கணக்கில் போடுகிறவர்கள் ஒருவகை. பாட்டு கிடைத்துவிட்டது என்று ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொரு வகை, "பாட்டு போட்டா ரெண்டே நிமிஷத்தில் தூங்கிடுவேன் டாக்டர், ஆனா பகல் முழுக்க அசதி" என்பவர்கள். இரண்டு நிமிடத்தில் தூக்கம் வருவதே உடம்பு தூக்கத்துக்கு ஏங்குகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். மனைவியைக் கேட்டால் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது எல்லாம் வெளியே வரும். ஸ்லீப் ஆப்னியாவா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறா என்று பரிசோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் இவர்கள், அதற்கு நல்ல சிகிச்சையும் இருக்கிறது.

மற்றவர்கள் மூன்று வாரம் முயன்று பாருங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் புரண்டுகொண்டிருப்பதாகத் தோன்றினால் கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்துபோய் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் அசந்தால் திரும்பி வாருங்கள். வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாக நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். தூக்கமின்மைக்கென்றே மருந்தில்லாத பேச்சு, பயிற்சி முறைச் சிகிச்சை இருக்கிறது, அதைப் பற்றிக் கேளுங்கள். போகும்போது எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள், காலையில் எழுந்ததும் எழுதினால் போதும்.